மூன்றடியிலிருந்து ஐந்தடிக்கு: கண்ணாடித் தொட்டியைக் கடைசியில் வாங்குங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இதுதான். சென்னையில் மூன்றாவது மாடி ஃபிளாட். நான்கு வருடமாக மூன்றடிக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடி அளவில் கடல்நீரில் மீனும் பவளமும் சேர்த்து வளர்க்கும் ஒரு ரீஃப் டேங்க் ஓடுகிறது. ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு கோபி மீனும் அதனுடன் குழி பறித்துக்கொண்டிருக்கும் பிஸ்டல் இறாலும், ஐந்து அங்குலத்துக்கு வளர்ந்துவிட்ட ஒரு புளூ டாங் மீன், மென்பவளத்தில் ஸோவாந்திட், மஷ்ரூம், லெதர், கிரீன் ஸ்டார். இதை ஐந்தடிக்கு இரண்டுக்கு இரண்டாக மாற்ற வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடலாமா, பெரிய டேங்க்கில் வேலை குறையும் என்கிறார்களே அது உண்மையா என்று கேட்கிறீர்கள்.

முதலில் சின்னப் பதில். ஒரே நாளில் மாற்றாதீர்கள். வேலை குறையாது, வேலையின் இடம் மாறும். இப்போது உங்கள் வேலை டேங்க்கின் முன்னால் நடக்கிறது, கையை விட்டுக் கண்ணாடியைத் தேய்ப்பது, பாசியைப் பிடுங்குவது மாதிரி. ஐந்தடிக்குப் போனதும் பாதி வேலை டேங்க்கின் அடியிலும் பின்னாலும் பால்கனியிலும் நடக்கும். அதற்கான ஏற்பாடுகளை முதலில் செய்துவிட்டு, கண்ணாடித் தொட்டியைக் கடைசியில் ஆர்டர் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. பெரும்பாலானவர்கள் (நானும்தான்) தலைகீழாகச் செய்கிறோம். மீன் கடைகள் நிறைந்த கொளத்தூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா போய் வரும்போது டேங்க்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வருவது, அப்புறம் கையில் இருக்கிற மிச்சப் பணத்தில் பம்பும் ஸ்கிம்மரும் (நுரை கிளப்பிக் கழிவைப் பிரிக்கும் கருவி) தேடுவது. எனக்கு ஆன மொத்தச் செலவில் கண்ணாடிக்குப் போனது ஆறில் ஒரு பங்குகூட இல்லை.

"பெரிய டேங்க் ஸ்டேபிள்" என்பது பாதி உண்மை. தண்ணீர் அதிகம் இருப்பதால் உப்பும் வெப்பமும் மெதுவாகத்தான் மாறும், ஒரு மீன் பாறைக்குப் பின்னால் செத்துக் கிடந்தாலும் அம்மோனியா உடனே எகிறாது. சரி. ஆனால் கெட்டுப் போனால் திரும்பச் சரி செய்வதும் அதே வேகத்தில்தான் நடக்கும். இப்போது நைட்ரேட் ஏறினால் 40 லிட்டர் மாற்றிவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். அங்கே அதே விளைவுக்கு 120 லிட்டர் வேண்டும். உங்கள் டேங்க் ஏறக்குறைய 190 லிட்டர், புதியது 566 லிட்டர், சம்ப் (ஸ்டாண்டுக்குள் வைக்கும் வடிகட்டும் தொட்டி) தனி. மூன்று மடங்கு என்பது பேப்பரில் படிக்கும்போது பெரிதாகத் தெரியாது, பக்கெட்டைத் தூக்கும்போது தெரியும்.

எடையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் இதில் தப்பு செய்தால் திருத்த முடியாது. 566 லிட்டர் கடல்நீர் 580 கிலோ. 12 மில்லி கண்ணாடி மட்டும் 100 கிலோவைத் தாண்டும். பாறை, மணல், ஸ்டாண்டு, கீழே 120 லிட்டர் சம்ப் எல்லாம் சேர்த்தால் ஒரு டன் வரும், இது பத்துச் சதுர அடியில் உட்காரப் போகிறது. வீட்டு அறைகளின் தளத்தைச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமைக் கணக்கில்தான் வடிவமைப்பார்கள், இந்தியத் தரம் ஐ.எஸ். 875 சொல்வது அது. உங்கள் டேங்க் உட்காரும் இடத்தில் அது ஐந்து மடங்குக்கு மேல் போகும். உடனே பயந்துவிட வேண்டாம், அந்தக் கணக்கு அறை முழுவதற்கும் சேர்த்தது, 12-க்கு 14 அடி அறை என்றால் மொத்தம் மூன்று டன். ஆனாலும் ஹாலின் நடுவில், தளத்தின் வயிற்றில் கொண்டு போய் வைக்கக் கூடாது. சுவரை ஒட்டி, பீம் போகிற இடத்தில், முடிந்தால் நீளப்பக்கம் பீமோடு சேர்ந்து போகும்படி வையுங்கள். பீம் எங்கே போகிறது என்று கீழ் வீட்டு ஹாலில் நின்று மேலே பார்த்தால் பல கட்டடங்களில் தெரிந்துவிடும். எப்படியும் கீழ் வீட்டாரிடம் நல்ல உறவில் இருப்பது நல்லது, காரணம் பின்னால் வருகிறது. பழைய கட்டடம், தளத்தில் கம்பி தெரிகிறது, கசிவு இருக்கிறது என்றால் ஒரு ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரைக் கூட்டி வந்து காட்டுங்கள். அவர் முடியாது என்று சொன்னால் நான்கடியோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி, வேறு யாரையாவது கேட்டு "முடியும்" என்று வாங்கி வரக் கூடாது.

அடுத்தது தண்ணீர். சென்னையில் ரீஃப் வைக்கிறவனுக்குப் பாதித் தலைவலி இதுதான். போர்வெல் நீரில் டி.டி.எஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்தைத் தாண்டும் இடங்கள் சாதாரணம், லாரித் தண்ணீர் ஒவ்வொரு லோடும் ஒவ்வொரு மாதிரி. சமையலறை ஆர்.ஓ-வை வைத்தே இதுவரை ஓட்டியிருந்தீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள்: வீட்டு மெஷின்களில் பெரும்பாலானவற்றில் டி.டி.எஸ் கன்ட்ரோலர் என்று ஒரு சின்னத் திருகு இருக்கும், அது ருசிக்காகக் கொஞ்சம் பச்சைத் தண்ணீரை வடிகட்டிய தண்ணீரில் கலந்துவிடும். மினரல் கார்ட்ரிட்ஜும் அதே வேலையைத்தான் வேறு வழியில் செய்கிறது. குடிக்க நல்லது, டேங்க்குக்குப் பாசி உரம். மூன்றடியில் தினமும் ஆவியானதுக்கு ஈடாக இரண்டு மூன்று லிட்டர் டாப்-அப் ஊற்றும்போது இது பெரிதாகத் தெரியாமல் போயிருக்கலாம். ஐந்தடியில் வெயில் காலத்தில் எனக்கு ஒரு நாளைக்கு எட்டு லிட்டர் ஆவியாகிறது. உப்பு ஆவியாகாது, தண்ணீர் மட்டும்தான் போகும், ஆகவே நீங்கள் ஊற்றும் டாப்-அப்பில் என்ன கலந்திருக்கிறதோ அது உள்ளேயே சேர்ந்துகொண்டே இருக்கும். மாதம் 240 லிட்டர், அதில் டி.டி.எஸ் 60 என்று வைத்துப் பாருங்கள்.

தனியாக ஒரு ஆர்.ஓ, அதன் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ ரெசின், முன்னால் பூஸ்டர் பம்ப். மீட்டரில் பூஜ்யம் காட்ட வேண்டும், ஒன்று இரண்டு காட்ட ஆரம்பித்தால் ரெசின் தீர்ந்துவிட்டது என்று பொருள். 75 கேலன் மெம்பிரேன் என்றால் கணக்குக்கு ஒரு நாளைக்கு 280 லிட்டர், நடைமுறையில் அதில் பாதி கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். டேங்க்கும் சம்ப்பும் முதல் தடவை நிறைய 600 லிட்டர் வேண்டும், அதற்கே நான்கைந்து நாள் ஆகும். ஒரு லிட்டருக்கு மூன்று லிட்டர் கழிவாகப் போகும், அதைப் பிடித்து மாப் போட, பாத்ரூமுக்கு வைத்துக்கொள்ளலாம், செடிக்கு வேண்டாம், போர்வெல் கழிவு உப்பு அதிகம். இரண்டு 100 லிட்டர் டிரம், ஒன்றில் வெறும் தண்ணீர், இன்னொன்றில் உப்புக் கலந்தது, ஒரு சின்னப் பம்பும் ஹோஸும். இதை இப்போதே, பழைய டேங்க் ஓடும்போதே போட்டுவிடுங்கள். இரண்டு மாதம் அந்தத் தண்ணீரில் பழைய டேங்க்கையே நடத்திப் பாருங்கள். முதல் நிரப்புக்கு உப்பு 22 கிலோவுக்கு மேல் போகும், அப்புறம் வாரம் பத்து சதவீதம் மாற்றினால் ஒவ்வொரு வாரமும் இரண்டு கிலோவுக்கு மேல்.

கடலிலிருந்தே கொண்டு வரலாமே என்று யாராவது சொல்வார்கள். ஈ.சி.ஆர் பக்கம் கேனில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு நம் கரையோரத்தில் உப்பு இறங்கிவிடும், கூவமும் அடையாறும் கொண்டு வந்து தள்ளுவது தனி. நான் செய்ய மாட்டேன்.

டாப்-அப்பைக் கையால் ஊற்றுவதையும் இத்தோடு விட்டுவிடுங்கள். ஆட்டோ டாப்-அப் போடுங்கள், ஆனால் அதன் தொட்டி 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். சென்சார் மாட்டிக்கொண்டு நிற்காமல் ஓடினாலும் உள்ளே போவது 25 லிட்டர்தான், உப்பு ஆயிரத்துக்கு 35-லிருந்து 33.6-க்குத்தான் இறங்கும். ஆர்.ஓ குழாயை நேராக சம்ப்பில் இணைத்துவிட்டு ஊருக்குப் போனவர்கள் கதை வேறு.

இப்போது வெப்பமும் கரண்டும். பவளத்துக்கு 25 முதல் 27 டிகிரிக்குள் வைக்கப் பாருங்கள். மே மாதம் நம் வீட்டுக்குள் இரவிலேயே 31, 32. மூன்றடி டேங்க்கை ஏ.சி. அறையில் வைத்து ஃபேன் போட்டு ஓட்டியிருப்பீர்கள். ஃபேன் ஆவியாக்கித்தான் குளிர வைக்கும், சென்னை ஈரப்பதத்தில் அது இரண்டு டிகிரி இறக்கினாலே அதிகம். ஐந்தடிக்குத் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வேண்டும், குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஹெச்.பி. சில்லரை ஸ்டாண்டுக்குள் வைக்க இடம் இருக்கிறதே என்று வைத்துவிடாதீர்கள். டேங்க்கிலிருந்து எடுத்த சூட்டை அது அந்தப் பெட்டிக்குள்ளேயே ஊதும், அந்தச் சூட்டையே திரும்ப இழுக்கும், நாள் முழுக்க நிற்காமல் ஓடும். சுவரில் இரண்டு துளை போட்டு பால்கனியில் வையுங்கள்.

மின்சாரக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சில்லர் 350 வாட், பத்து மணி நேரம் ஓடினால் மூன்றரை யூனிட். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிடர்ன் பம்ப் 60 வாட், அது நிற்கவே கூடாது, ஒன்றரை. டேங்க்குக்குள் தண்ணீரைக் கலக்கும் வேவ்மேக்கர் இரண்டும் சேர்ந்து ஒன்று, ஸ்கிம்மர் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல், எல்.ஈ.டி. விளக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு நாளைக்கு எட்டு யூனிட்டுக்கு மேல், இரண்டு மாத பில்லுக்கு 500. வீட்டில் மற்ற எதையும் போடாமலே! 500-ஐத் தாண்டினால் நம்ம ஊர் பில்லில் ஸ்லாப் கணக்கே மாறிவிடும் என்பது தெரிந்ததுதானே. வீட்டில் பேசிவிட்டு ஆரம்பியுங்கள், முதல் பில் வந்த பிறகு பேசுவது கடினம்.

கரண்ட் போனால் முதலில் சாவது குளிருக்கோ சூட்டுக்கோ அல்ல, மூச்சுக்கு. நன்னீரைவிடக் கடல்நீரில் ஆக்சிஜன் குறைவாகக் கரையும், சூடாக இருந்தால் இன்னும் குறைவு. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா வந்தபோது எங்கள் தெருவில் நான்கு நாள் கரண்ட் இல்லை. அப்போது என்னிடம் உங்களுடையதைப் போலவே மூன்றடி டேங்க். பாட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று முதல் நாள் இரவு பதினொரு மணிக்கு நின்றது. அப்புறம் ஒரு பிளாஸ்டிக் சொம்பால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றுவது, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை முப்பது சொம்பு. நான், என் மனைவி, பக்கத்து வீட்டுப் பையன், மூன்று பேரும் ஷிஃப்ட் போட்டோம். விளக்கில்லாத ஹாலில் அந்தத் தண்ணீர் விழும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கோமாளி மீன்கள் தப்பின, கரையான் மாதிரி எதையும் விடாமல் மேய்ந்த என் ஆறு நத்தைகளும் தப்பின. ராஸ் மீன் போய்விட்டது, மூன்றாம் நாள் காலையில் மணல்மேல் கிடந்தது.

அதனால் இதை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்: வேவ்மேக்கர் இரண்டையும் இன்வெர்ட்டர் லைனில் கொடுங்கள். ரிடர்ன் பம்ப், சில்லர், விளக்கு எதுவும் வேண்டாம், அது இரண்டும் போதும். ஒன்றின் முகம் நீர்ப்பரப்பைக் கலக்குகிற மாதிரி மேலே பார்த்து இருக்கட்டும். இரண்டும் சேர்ந்து 40 வாட், வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏ.ஹெச். பாட்டரியில் பாதியைக் கழித்தாலும் இருபது மணி நேரம் வரும். வீட்டில் ஃபேனை அணைத்துவிடுங்கள் என்று சொல்லத்தான் தைரியம் வேண்டும். 2023-ல் மிக்ஜாம் வந்தபோது என் ஐந்தடி டேங்க் இந்த ஏற்பாட்டில்தான் இரண்டு நாள் நின்றது, ஒன்றும் சாகவில்லை. மற்ற பிளக் எல்லாம் கரண்ட் கசிந்தால் உடனே அறுக்கும் 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. வழியாக வரட்டும், உப்புத்தண்ணீரும் 230 வோல்ட்டும் ஒரே பெட்டிக்குள் இருக்கப் போகிறது. ஒயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குப் போகும் முன் கீழே தொங்கி மேலே ஏறட்டும், ஒயரில் வழியும் துளி தரையில் சொட்டும், பிளக்குக்குள் போகாது.

கண்ணாடி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டடி உயரத்துக்கு 12 மில்லி, மேலே சுற்றிலும் பிரேஸ், முன்பக்கம் மட்டும் எக்ஸ்ட்ரா கிளியர் கேளுங்கள், நான்கு பக்கமும் தேவையில்லை. சிலிகான் காய இரண்டு வாரம் விடச் சொல்லுங்கள், அவர்கள் மூன்று நாள் போதும் என்பார்கள். ஸ்டாண்டு ஸ்கொயர் டியூப் என்றால் பவுடர் கோட்டிங்குக்கு முன்னால் வெல்டு இடங்களில் எபாக்சி, மரம் என்றால் மரைன் பிளை, கரையான் பிரச்சினை இருக்கும் கட்டடத்தில் மரமே வேண்டாம்.

ஆனால் சம்ப் பற்றி நிறையச் சொல்ல இருக்கிறது. இதுவரை உங்களுக்குச் சம்ப் கிடையாது என்று நினைக்கிறேன், அதனால் இது புதிது. ரிடர்ன் பம்ப் நின்றதும் மேலே இருக்கும் தண்ணீர் கீழே வந்துகொண்டே இருக்கும், ஓவர்ஃப்ளோவின் (தண்ணீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் இடம்) வாய் மட்டத்துக்கு வரும்வரை. அது போதாது என்று ரிடர்ன் குழாயே சைஃபனாக மாறித் தலைகீழாக இழுக்கும், அதன் முனை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவு தண்ணீரையும். ஐந்தடிக்கு இரண்டடிப் பரப்பில் ஒரு அங்குலம் இறங்கினால் 22 லிட்டருக்கு மேல். ரிடர்ன் முனையை மூன்று அங்குலம் ஆழத்தில் வைத்தால் கணக்கை நீங்களே போடுங்கள். என் டேங்க்கில் முதல் தடவை மெயினை அணைத்துச் சோதித்தபோது ஸ்டாண்டு முன்னால் டார்ச்சோடு குத்துக்காலிட்டு உட்கார்ந்து சம்ப்பின் மட்டம் ஏறுவதைப் பார்த்தேன். ஸ்கிம்மர் கழுத்து மறைந்தது, தடுப்புக் கண்ணாடிகள் மறைந்தன, விளிம்புக்கு ஒரு விரல் இருக்கும்போது நின்றது. அந்த ஒரு விரல் வெறும் அதிர்ஷ்டம். ரிடர்ன் முனையை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே தூக்கிவிட்டேன், அங்கே காற்று புகுந்ததும் சைஃபன் அறுந்துவிடும். தண்ணீரைத் திரும்ப விடாத செக் வால்வு போட்டால் போதாதா என்றால், போதாது. ஒரு குட்டி நத்தை அதன் தகட்டில் உட்கார்ந்தால் போதும், அது மூடாது. கீழ் வீட்டாரோடு உறவு என்று சொன்னேனே, அது இதற்குத்தான். என் கீழ் வீட்டு மாமி ஃபால்ஸ் சீலிங் போட்டது அதற்கு அடுத்த மாதம்.

இறக்கும் குழாய்க்கு மூன்று பைப் முறையைக் கேட்டு வாங்குங்கள், பீன் அனிமல் என்பார்கள். ஒன்று முழுசாக நிறைந்து சத்தமில்லாமல் இறங்கும், ஒன்றில் சும்மா கொஞ்சம் வழியும், மூன்றாவது காலியாகவே இருக்கும், முதலாவது அடைத்தால்தான் அதற்கு வேலை. மூன்று துளை போடுவது கூடுதல் செலவு என்று கடையில் ஒற்றைப் பைப்புக்கு இழுப்பார்கள், சம்மதிக்காதீர்கள். ஹாலில் இருக்கிற டேங்க், ஒற்றைப் பைப் ராத்திரி முழுக்கக் குடல் கத்துகிற மாதிரி கத்தும்.

பாறைக்கு வருவோம். இதில் வேறு ஒரு விஷயமும் இருக்கிறது. இந்தியாவில் கல்பவளங்கள் எல்லாவற்றையும், கடல் விசிறியையும், கடல்குதிரையையும் 2001-ல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலி இருக்கிற அட்டவணை. பெரிய டேங்க் வந்ததும் "அடுத்து ஹார்ட் கோரல்" என்று மனசு போகும், யாராவது "பேப்பர் இருக்கிறது சார்" என்று காட்டவும் செய்வார்கள். உங்கள் மென்பவளங்களிலேயே ஐந்தடி நிறைய ஆடும், அதிலேயே இருங்கள். லைவ் ராக் என்று சொல்லி ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் கற்களும் செத்த பவளம்தான், வாங்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டி எடுத்ததில் 21 தீவுகளில் இரண்டு, பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும், தண்ணீருக்குள் போய்விட்டன. நம் ஹாலுக்காக அந்தக் கல் வேண்டாம். கோமாளி மீனுக்கும் இதே மாதிரிதான், மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கி வெகு நாளாகிறது, பண்ணையில் பிறந்ததைக் கேட்டு வாங்கலாம்.

புதிய டேங்க்குக்கு செராமிக் அல்லது சிமென்டில் வார்த்த செயற்கைப் பாறை வாங்குங்கள், ஆனால் அதை மட்டும் வைத்து ஆரம்பிக்காதீர்கள். அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா தண்ணீரில் இல்லை, உங்கள் பழைய பாறையின் துவாரங்களில் இருக்கிறது. அதுதான் உங்கள் சொத்து. ஆகையால் செய்ய வேண்டியது இப்படி: புதிய டேங்க்கை நிரப்பி, உப்பு 35-க்குக் கொண்டு வந்து, செயற்கைப் பாறைகளை வைத்து, பழைய டேங்க்கிலிருந்து நடு அளவில் ஒரு பாறையை மட்டும் எடுத்து இங்கே வையுங்கள். கொஞ்சம் அம்மோனியா சொட்டுவிட்டு அது எத்தனை நாளில் பூஜ்யமாகிறது என்று பாருங்கள். 24 மணி நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் காணாமல் போகும்வரை வேறு எதுவும் போகக் கூடாது. நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகலாம். அதுவரை இரண்டு டேங்க்கும் ஓடும், வீட்டில் நடக்க இடம் இருக்காது, பொறுத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் புதியதைப் பழையதின் இடத்திலேயே வைக்கத் திட்டம் போடாதீர்கள் என்கிறேன்.

மணலில்தான் நான் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஐந்து வருட மணல், "பாக்டீரியா நிறைய இருக்கும், அப்படியே போடு" என்று ஒருவர் சொன்னார், எனக்கும் புது மணல் வாங்கும் செலவு மிச்சம். பிளாஸ்டிக் முறத்தால் அள்ளும்போதே கீழ் அடுக்கு கறுப்பாக வந்தது, அழுகின முட்டை நாற்றம், ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றம் வந்ததும் நிறுத்தியிருக்க வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டுக் கொட்டி முடித்தேன். மறுநாள் மாலை அம்மோனியா 1-ஐத் தாண்டியது, கோபி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது, அடுத்த மூன்று நாளில் மூன்று மீன் செத்தன. பழைய மணலைத் தூக்கிப் போடுங்கள். மனசு வரவில்லை என்றால் மேல் அடுக்கில் ஒரு டம்ளர் மட்டும் எடுத்து உப்புத்தண்ணீரில் அலசி, புது மணல்மேல் தூவிக்கொள்ளுங்கள், அது போதும்.

பவளங்களை மாற்றும்போது கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி இரண்டும் போடுங்கள், இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை. ஸோவாந்திடிலும் அதன் உறவான பாலிதோவாவிலும் பாலிடாக்சின் என்ற விஷம் இருக்கலாம், கொடியது. பாறையைச் சுரண்டும்போது கண்ணில் தெறித்தாலோ கையில் இருக்கும் வெட்டில் பட்டாலோ ஆஸ்பத்திரிதான். ஸோவாந்திட் பிடித்த பாறையைச் சுத்தம் செய்கிறேன் என்று கொதிக்க வைத்து, அந்த ஆவியை மூச்சில் இழுத்துக் குடும்பமே படுத்த சம்பவங்கள் வெளிநாட்டில் நடந்திருக்கின்றன. கொதிநீர், பிரஷர் வாஷர் இரண்டும் கூடாது. குழந்தைகளை அன்றைக்கு வேறு அறையில் இருக்கச் சொல்லுங்கள்.

வரிசை எப்படி என்றால், முதலில் நத்தைகள், ஒரு வாரம் விட்டு மஷ்ரூமும் கிரீன் ஸ்டாரும். கிரீன் ஸ்டாரைத் தனித் தீவாக ஒரு பாறையில் வையுங்கள், முதன்மைப் பாறையில் ஒட்டவிட்டால் ஒரு வருடத்தில் எல்லாம் அதுதான். அப்புறம் ஸோவாந்திட், லெதர். லெதர் ஒரு வாரம் சுருங்கி மெழுகு பூசினது மாதிரி நிற்கும், செத்துவிட்டது என்று எடுத்து எறிந்துவிடாதீர்கள், தோல் உரித்துவிட்டு எழும். கடைசியில் மீன்கள். புதிய விளக்கை முழு வெளிச்சத்தில் போடாமல் முப்பது சதவீதத்தில் ஆரம்பித்து மூன்று வாரத்தில் ஏற்றுங்கள், மென்பவளத்துக்கு முழுசும் தேவைப்படாது.

இரண்டாம் மூன்றாம் மாதம் டேங்க் அசிங்கமாக இருக்கும். முதலில் பழுப்புத் தூள், பிறகு பச்சை முடிப்பாசி. வீட்டுக்கு வருகிறவர்கள் "பழசு நல்லா இருந்ததே" என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பாட்டில் மருந்து வாங்கி ஊற்ற ஆரம்பித்தால் அதற்கு முடிவே இருக்காது. கையால் பிடுங்குங்கள், நத்தை சேருங்கள், வாராவாரம் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கினால் சந்தோஷப்படாதீர்கள், அப்போதுதான் டைனோ என்ற குமிழி கட்டிய சளி வரும், அதற்கு முடிப்பாசியே தேவலை.

புளூ டாங் விஷயத்தில் உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் சொல்லப் போகிறேன். அந்த மீன் ஓரடி வளரக்கூடியது, நாளெல்லாம் நீந்துவது. ஐந்தடி அதற்கு இன்னும் சிறியது. அதற்காகத்தான் மாற்றுகிறீர்கள் என்றால் ஆறடிக்கு இரண்டரையாவது வேண்டும், அப்போது மேலே சொன்ன எடைக் கணக்கு முழுக்க மாறும். மூன்றாவது மாடியில் நான் அதைச் செய்ய மாட்டேன், மீனைப் பெரிய டேங்க் இருப்பவருக்குக் கொடுத்துவிடுவேன். பொடி மீனாக விற்கும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

பழைய மூன்றடியை உடனே விற்காதீர்கள். ஆறு மாதம் அதைக் குவாரன்டைன் தொட்டியாக வைத்திருங்கள். புதிய டேங்க்கில் வெள்ளைப்புள்ளி நோய் நுழைந்துவிட்டால் மீன்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்து, டேங்க்கை 76 நாள் மீன் இல்லாமல் விட வேண்டும் என்பது பலரும் பின்பற்றும் கணக்கு, அப்போது அவற்றை எங்கே வைப்பீர்கள்? அந்த நோய்க்கான தாமிர மருந்தை ஒரு தடவை பழைய தொட்டியில் போட்டுவிட்டால் அந்தத் தொட்டியை மறுபடி பவளத்துக்குப் பயன்படுத்த வேண்டாம், அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு, மறந்துவிடுவதற்குள். ஸ்கிம்மர் என்பது அறையின் காற்றை இழுத்துத் தண்ணீரில் கலக்கும் சாதனம். கொசுவத்தி, லிக்விட், ஸ்பிரே எதில் பைரெத்ராய்டு இருந்தாலும் அது இறாலுக்கும் மீனுக்கும் விஷம். ஹாலில் கொசுவலைக்கு மாறுங்கள், மாநகராட்சிப் புகை வண்டி தெருவுக்குள் வரும் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்தி ஸ்கிம்மரை ஒரு மணி நேரம் அணையுங்கள். அப்புறம், நாள் முழுக்க மூடிய ஏ.சி. அறையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து பி.ஹெச். 7.8-க்குக் கீழே போகும். பலர் அதற்குப் பஃபர் பொடி ஊற்றுவார்கள். ஸ்கிம்மரின் காற்றுக் குழாயை ஜன்னலுக்கு வெளியே விட்டால் செலவில்லாமல் ஏறும், புகை வண்டி வரும்போது மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் இந்த வாரமே ஒன்று செய்யுங்கள்: உங்கள் படிக்கட்டின் திருப்பத்தை அளந்து பாருங்கள். லிஃப்டில் ஐந்தடி போகாது, ஆறு பேர் படியில் தூக்கித்தான் வர வேண்டும், ஒவ்வொரு திருப்பத்திலும் டேங்க்கைச் சாய்க்காமல் திருப்ப இடம் வேண்டும். அதே நீள அகலத்தில் ஒரு அட்டைப்பெட்டி ஒட்டி, இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மேலே ஏறிப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் ஐந்தரை அடியில் செய்த டேங்க் இரண்டாவது மாடித் திருப்பத்தில் திரும்பவில்லை. அது இப்போதும் கீழே பார்க்கிங்கில்தான் இருக்கிறது, வாட்ச்மேன் அதில் கீரை போட்டிருக்கிறார்.